அருவருப்பான வேலைக்குக் குறைந்த சம்பளம், பத்தாம் வகுப்புத் தகுதி வேலைக்குப் பெருங்கூட்டம்: ஏன்?

பொருளியல் ஆசிரியர், திண்டுக்கல்:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை முதலாம் ஆண்டு வகுப்பில் கூலி நிர்ணயம் நடத்தும்போது, மற்றவை சமமாக இருந்தால் கடுமையானதும் அருவருப்பானதுமான வேலைக்குக் கூடுதல் கூலி கொடுத்தால்தான் ஆள் கிடைக்கும் என்று 1776-இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதியதை விளக்கினேன். வேலையின் இனிமை, அதைக் கற்க ஆகும் செலவு, வேலை நிலையாகக் கிடைப்பது, தொழிலாளி மீது வைக்கப்படும் நம்பிக்கை, வெற்றி பெறும் வாய்ப்பு என ஐந்து காரணங்களை அவர் வகுத்திருக்கிறார். உடனே ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் எங்கள் தெருவில் சாக்கடை அள்ளுகிறவருக்கு ஏன் இவ்வளவு குறைந்த சம்பளம்?" என்று கேட்டாள். அவளைத் தொடர்ந்து ஒரு மாணவன், பொறியியல் படித்த தன் அண்ணன் தனியார் வேலையை விட்டுவிட்டு, பத்தாம் வகுப்புத் தகுதியே போதுமான குரூப் 4 அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறார் என்றும், அது எதனால் என்றும் கேட்டான். இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் வகுப்பில் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

வட்டாட்சியர் அலுவலக ஊழியர்:

ஐயா, அந்த அண்ணனின் வழியில் வந்தவன் என்பதால் இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். ஒரே லைனில், ஒரே வேலையை, நிரந்தரத் தொழிலாளியும் நானும் அருகருகே நின்று செய்வோம். சட்டையின் நிறத்தை வைத்துத்தான் யார் எந்தப் பிரிவு என்று தெரியும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் எனக்குப் பதிலாக நிற்க ஒருவர் வந்தாக வேண்டும். அவர் வரும்வரை லைனை விட்டு நகர முடியாது. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுச் சில நாள் விடுப்புக்குப் பின் திரும்பியபோது, வாயிற்கதவில் என் அட்டை வேலை செய்யவில்லை. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்; இனி வர வேண்டாம் என்றார். காரணம் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை.

இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். இந்தப் பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அதோடு அகவிலைப்படி முதலியவை சேரும். ஜமாபந்தி எனும் ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கை, தேர்தல், வெள்ள நிவாரணம் என்று வந்துவிட்டால் நள்ளிரவு வரை அலுவலகத்திலேயே இருக்க நேரிடும். ஆகவே வேலை இலகுவானது என்பதால் யாரும் இதற்கு வருவதில்லை. ஆனால் என்னை வெளியேற்ற வேண்டுமானால் அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17-பி விதியின்கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கி, என் விளக்கத்தைப் பெற்று, விசாரணை நடத்தியாக வேண்டும். அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவும் விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. அதிகாரியிடம், "இது விதிப்படி முடியாது, ஐயா" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் அதே நாற்காலியில் வந்து உட்கார முடிகிறது. தொழிற்சாலையில் எனக்குக் கிடைக்காதது இதுதான்.

ஓய்வூதியத்துக்காகத்தான் இந்தக் கூட்டம் என்று பலர் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. தமிழ்நாட்டில் 01.04.2003-க்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இல்லை. இருந்தும் 2022-இல் 7,301 குரூப் 4 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்.

வடசென்னைவாசி:

முதல் கேள்வி எங்கள் குடும்பத்தின் கேள்வி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். ஸ்மித்தின் விதி செயல்பட, பிடிக்காத வேலையை மறுத்துவிட்டு வேறிடம் போகும் வழி தொழிலாளிக்குத் திறந்திருக்க வேண்டும். இதை ஸ்மித்தே அறிந்திருந்தார். அக்காலத்தில் ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சட்டப்படியே சுரங்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்தார்கள். 1775-இல் தொடங்கி 1799-இல்தான் அந்தப் பிணைப்பு முழுமையாக நீக்கப்பட்டது. அவர்கள் ஸ்காட்லாந்தில் நாளொன்றுக்கு அரைக் கிரவுன், அதாவது 30 பென்ஸ், பெற்றும், 10 அல்லது 12 பென்ஸ் மட்டுமே கிடைக்கும் இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு ஓடிப்போனார்கள் என்றும், அங்கே சுதந்திரம் இருந்ததே காரணம் என்றும் கிளாஸ்கோ பல்கலைக்கழக விரிவுரைகளில் அவர் சொல்லியிருக்கிறார். கூலி பாதிக்கும் கீழே போனாலும் பரவாயில்லை என்று ஒரு மனிதன் ஓடுகிறான் என்றால், அவன் எதைத் தேடுகிறான் என்பதை உங்கள் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

நம் ஊரில் துப்புரவுத் தொழிலாளியைப் பிணைத்து வைக்கச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. சாதியே அதைச் செய்தது. மற்ற வேலைகளின் கதவுகள் தலைமுறை தலைமுறையாக மூடப்பட்டிருந்ததால் ஒரே வேலைக்கு ஒரே சமூகத்தினர் நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அப்போது கூலி எப்படி உயரும்? மிக அருவருப்பான வேலைகளுக்கே மிகக் குறைந்த கூலி கிடைக்கிறது, ஏனெனில் வேறு வழியில்லாதவர்களே அவற்றைச் செய்கிறார்கள் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1848-இலேயே எழுதிவிட்டார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, அது வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். அந்த மாணவியிடம் இந்த இருவரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாரிடம் போவதை எதிர்த்து, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பல நாள் இரவும் பகலும் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பணியைத் தனியாரிடம் கொடுக்கக் கூடாது, எங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பதே அவர்களின் முதன்மையான கோரிக்கை. யாருடைய ஊழியர் என்பது மாறும்போது அதே தெருவைக் கூட்டும் வேலையே வேறு வேலையாகிவிடுகிறது. மேலே நண்பர் எழுதிய சட்டை நிறத்தின் கதையும் இதுதான்.

பொது சுகாதார மருத்துவர்:

இருவரும் எழுதியதை ஏற்றுக்கொண்டே ஒரு திருத்தம் சேர்க்கிறேன். நிரந்தரம் கிடைத்ததும் எல்லா வேலையும் சமமாகிவிடுவதில்லை. லண்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு, ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் யாரும் வறியவர் இல்லை. இருந்தும் கடைநிலை ஊழியர்களிடையே இதய நோய் மரணம் உயர்நிலை அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறையவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தானே முடிவெடுக்கத் தனக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதோடு இதைத் தொடர்புபடுத்தியது. கழிப்பறைக்குப் போக ஆளுக்காகக் காத்து நிற்பது சிறிய அவமானமாகத் தோன்றலாம். மருத்துவராக நான் அதை உடலைப் பாதிக்கும் ஒன்றாகவே பார்க்கிறேன்.

பொருளியல் ஆசிரியர், திண்டுக்கல்:

மூவருக்கும் நன்றி. நியூகாசில் செய்தியை நாளைய வகுப்பிலேயே சொல்லப்போகிறேன். அந்த அண்ணனிடம் தம்பி என்ன சொல்லலாம் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். வீட்டில் கவலையோடு இருக்கிறார்கள்.

வட்டாட்சியர் அலுவலக ஊழியர்:

ஸ்மித்தின் ஐந்தாவது காரணத்தை அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள், ஐயா. மனிதர்கள் தங்கள் வெற்றி வாய்ப்பை மிகையாக மதிப்பிடுவார்கள் என்றும், லாட்டரிச் சீட்டு விற்பதே அதற்குச் சான்று என்றும் அவர் எழுதியிருக்கிறார். 22 லட்சம் பேருக்கு 7,301 இடம் என்றால் முந்நூறு பேருக்கு ஓர் இடம். அவருடைய ஆசை நியாயமானது; வருமானத்தை முற்றிலும் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து. 200 வினாக்களில் 100 தமிழ். பொறியியல் படித்தவர்கள் பலர் அங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் உள்ள பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பகுதி நேரமாகவேனும் ஒரு வேலையில் இருந்தபடி எழுதட்டும். புத்தகம் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் ஒரு தொகுதி இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.