எலும்பைக் 'குறைக்க' வந்த டாக்டர்

போன மழைக்காலத்தில் என் அத்தை கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றியதில் மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த முள்கரண்டி போல் வளைந்துவிட்டது. 1814-இல் டப்ளின் அறுவை மருத்துவர் ஏப்ரகாம் காலிஸ் விவரித்த அதே முறிவு. எக்ஸ்ரேயைப் பார்த்த இளம் டாக்டர், "ரெட்யூஸ் செய்து மாவுக்கட்டுப் போட்டுவிடலாம்" என்றார்.

அத்தை கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "குறைக்கப் போகிறீர்களா? நான் ஏற்கெனவே குள்ளம். கையும் குட்டையாகிவிட்டால் பரணில் இருக்கும் அண்டாவை யார் இறக்குவது?"

எலும்பைச் செதுக்குவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். விலகிய எலும்பை இழுத்துப் பழைய இடத்தில் உட்கார வைப்பதாம். மரத்துப்போக ஊசி போட்டு, நர்ஸ் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் விரல்களைப் பற்றி இழுத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்குத் 'திரும்பக் கொண்டுவருதல்' என்று பொருள். 'சிறிதாக்குதல்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

* * *

உங்கள் அத்தை கதையைப் படித்தேன். நான் வேதியியல் ஆசிரியை; எங்கள் பாடத்தில் ரெட்யூஸ் ஆவதைத் தமிழில் 'ஒடுக்கம்' என்கிறோம். "எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதற்குப் பெயர் ஏன் ஒடுக்கம், டீச்சர்?" என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும். இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் (எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கிறது என்று காட்டும் எண்) +3-லிருந்து சுழியாகக் குறைகிறதே என்று சமாளிப்பேன். தவறில்லை, ஆனால் எலக்ட்ரானைக் கண்டறிந்தது 1897-இல், சொல்லோ அதற்கு வெகுகாலம் முந்தியது. தாதுவைக் கரியோடு சூடாக்கி உலோகத்தை மீட்பதைத்தான் பழைய வேதியியலாளர்கள் ரெட்யூஸ் என்றார்கள். உங்கள் அத்தையின் மணிக்கட்டும் இரும்புத் தாதுவும் ஒரே சொல்லில் உறவு! நம் 'ஒடுக்கம்' அந்த மீட்பைக் காட்டவில்லை என்பது என் மனக்குறை. நசுங்கிய குடத்தைச் சரிசெய்வதை 'ஒடுக்கு எடுப்பது' என்கிறோம்; அது இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

* * *

உங்கள் இருவர் கதையையும் படித்தேன். என் கதை அடுப்படியில் நடந்தது. திருமணமான புதிதில் ஆங்கிலச் சமையல் குறிப்பைப் பார்த்து வத்தக்குழம்பு வைத்தேன். 'பாதியாக ரெட்யூஸ் செய்யவும்' என்றிருந்தது. கொதிக்கும் புளிக்கரைசலில் பாதியைக் கரண்டியால் மொண்டு தொட்டியில் ஊற்றிவிட்டேன். மாமியார் எட்டிப் பார்த்து, "சுண்ட விடு என்று எழுதத் தெரியாதா அவனுக்கு?" என்றார்.

அது இருக்கட்டும், அத்தையின் கை எப்படி இருக்கிறது?

* * *

கட்டுப் பிரித்து மூன்று மாதமாகிறது. அண்டாவை இன்னும் நான்தான் இறக்குகிறேன்.