வாழ்த்து அட்டைப் பின்னணி: உப்புப் பூ விழவில்லை, அட்டை வில்லாக வளைகிறது. உதவுங்களேன்

தாளம்பூ:
எல்லோருக்கும் வணக்கம். கையால் வாழ்த்து அட்டை செய்ய ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. பூ வெட்டி ஒட்டுவது, எழுத்து எழுதுவது ஓரளவு கைக்கு வந்துவிட்டது. பின்னணிதான் படுத்துகிறது. வெறும் வண்ணத் தாளாக விட்டால் மொட்டையாகத் தெரிகிறது. மேடு பள்ளமாக, தொட்டால் சொரசொரப்பாக ஏதாவது வேண்டும் என்று இரண்டு வழியில் முயன்றேன். இரண்டுமே கெட்டுப்போனது.

முதலில் கல் உப்பு. வண்ணம் பூசி, ஈரத்தில் தூவினால் நட்சத்திரம் மாதிரி வெளிறிய பூ விழும் என்றார்கள். எனக்கு உப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சுரண்டினால் வண்ணமும் பெயர்ந்து வருகிறது. அட்டையோ இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு வில்லாக வளைந்துவிட்டது.

அடுத்தது ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய தகடு) வைத்து மாடலிங் பேஸ்ட், அதாவது பூசினால் மேடாகக் காயும் களிம்பு. ஓரமெல்லாம் கசிந்து இலை வடிவமே தெரியவில்லை. காய்ந்தபின் அட்டையை மடித்தால் மடிப்பு நெடுகப் பேஸ்ட் வெடித்து உதிர்கிறது.

எங்கள் தோழி ஒருத்தி ஊர் மாறிப் போகிறாள். எட்டுப் பேரும் ஆளுக்கொரு அட்டை எழுதிக் கொடுக்கப்போகிறோம். எட்டும் ஒரே குடும்பம் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை. பத்து நாள் இருக்கிறது.

மைக்கூடு:
என்ன தாள், என்ன வண்ணம், எப்படிக் காயவைத்தீர்கள்? பேஸ்டில் எதையாவது கலந்தீர்களா?

தாளம்பூ:
220 ஜிஎஸ்எம் (தாளின் கனம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கார்ட் ஸ்டாக், வழுவழுப்பானது. அக்ரிலிக்கைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசினேன். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடித்தேன். பேஸ்டில் நிறத்துக்காகக் கொஞ்சம் அக்ரிலிக். இறுகலாக இருந்ததால் தண்ணீரும் விட்டேன். ஏ4 தாள் முழுக்கச் செய்துவிட்டு அப்புறம்தான் மடித்தேன்.

மைக்கூடு:
காரணம் எல்லாம் இதிலேயே இருக்கிறது.

உப்பு வேலை செய்வது வாட்டர்கலரில். உப்புக்கல் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இழுக்கும்போது நிறமும் கூடவே நகர்கிறது, அதனால்தான் அங்கே வெளுப்பு. அக்ரிலிக் காயக் காய பிளாஸ்டிக் ஏடு மாதிரி இறுகிவிடும், நிறம் நகர வழியில்லை. உப்பும் அந்த ஏட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. டிரையர் பிடித்ததில் இருந்த கொஞ்ச நேரமும் போய்விட்டது.

வாட்டர்கலருக்கு மாறினாலும் உப்பு போடும் நேரம் முக்கியம். பூசியதும் தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி சாய்த்துப் பாருங்கள். முதலில் தண்ணீர் தேங்கிக் கண்ணாடி மாதிரி மின்னும். அப்போது போட்டால் உப்பு கரைந்துபோகும். சற்று நேரத்தில் தேக்கம் வற்றி, தாளின் சொரசொரப்பு ஈரத்துக்கு மேலே தெரிய ஆரம்பிக்கும். மினுமினுப்பு மட்டும் மிச்சம் இருக்கும். அதுதான் நேரம். மினுமினுப்பும் போய்விட்டால் உப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். நெருக்கமாகத் தூவாதீர்கள், கல்லுக்குக் கல் விரல் அகலம் இடைவெளி இருந்தால்தான் பூ விரியும். பிறகு தொடாமல் தானாகக் காயவிட்டு, முழுக்கக் காய்ந்ததும் உப்பைத் தட்டிவிடுங்கள்.

வளைவுக்குக் காரணம், ஈரம் பட்ட பக்கம் ஊதி, காயும்போது சுருங்குவது. 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளை நாலு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டுப் பூசுங்கள். காய்ந்த பிறகே டேப்பை எடுக்க வேண்டும். அப்படியும் லேசாக வளைந்தால் பின்பக்கம் ஈரப் பஞ்சால் ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு இரவு விடுங்கள். படிந்துவிடும்.

கத்தரிக்கோல்:
மைக்கூடு சொன்னது அத்தனையும் சரி. நான் கூடுதலாகச் சொல்வது ஒன்றுதான்: பின்னணியை அட்டையிலேயே செய்யாதீர்கள் தாளம்பூ. தனித் தாளில் செய்து, வெட்டி, அட்டையில் ஒட்டுங்கள். மடிப்பில் பேஸ்ட் வெடிக்கிற பிரச்சினையே வராது. ஒன்று கெட்டாலும் அந்தத் துண்டோடு போகும், அட்டை பிழைக்கும்.

எட்டும் ஒரே குடும்பமாக இருக்க, எட்டையும் ஒரே தாளிலிருந்து வெட்டுங்கள். ஏ3 தாள் 29.7க்கு 42 செ.மீ. ஓரத்தில் டேப்புக்கு ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. போனால் மிச்சம் 27.7க்கு 40. அதில் 9க்கு 13 செ.மீ. துண்டு ஒன்பது வரும். எட்டு உங்களுக்கு, ஒன்று கைவசம். ஏ4 கார்ட் ஸ்டாக்கைப் பாதியாக வெட்டி மடித்தால் 10.5க்கு 14.8 அட்டை இரண்டு கிடைக்கும். துண்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு அழகாக நிற்கும். உங்களிடம் இருக்கிற 220 ஜிஎஸ்எம் அதற்குப் போதும். ஒட்டுவதற்கு டபுள் சைட் டேப். தண்ணீர்ப் பசை தடவினால் மறுபடி வளைவில் போய் நிற்கும்.

உப்பு எங்கே எப்படிப் பூக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது உணவை மூடிவைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறைத் தாள்தான். ஈர வண்ணத்தின் மேல் கசக்கிப் போட்டு, அப்படியே ஒரு இரவு விட்டு உரித்தால் பாறை வெடிப்பு மாதிரிக் கோடு கோடாக வரும்.

மைக்கூடு:
எனக்கு உப்பின் மென்மைதான் பிடிக்கும். பிளாஸ்டிக் உறையின் கோடுகள் மேலே எழுதும் எழுத்தோடு மோதும். ஆனால் தனித் தாள் யோசனைக்கு முழு ஓட்டு.

பேஸ்டைச் சொல்ல மறந்தேன். தண்ணீர் கூடவே கூடாது. பேஸ்ட் பூசும் மழுங்கிய கத்தியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்க வேண்டும். ஸ்டென்சிலை டேப் போட்டு அசையாமல் நிறுத்தி, கத்தியைப் படுக்கையாகப் பிடித்து ஒரே திசையில் இழுங்கள். எடுக்கும்போது நேராக மேலே தூக்குங்கள். பேஸ்ட் இறுகுமுன் ஸ்டென்சிலைக் கழுவிவிடுங்கள்.

தாளம்பூ:
ஐந்து நாள் கழித்து வருகிறேன். சின்னத் துண்டுகளில் மூன்று முறை பழகினேன். முதல் துண்டில் அவசரப்பட்டு உப்பு கரைந்தது, இரண்டாவதில் தாமதம். மூன்றாவதில் நீங்கள் சொன்ன மினுமினுப்பைக் கண்ணால் பார்த்தேன். நீலத்துக்குள் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் வெள்ளை முள் முள்ளாக விரிந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்! நேற்று ஏ3 தாளில் போட்டு ஒன்பதும் வெட்டியாயிற்று, ஒன்றுகூட வளையவில்லை. மூலையில் மட்டும் பேஸ்டில் சின்ன இலை வைத்தேன், ஓரம் கூர்மையாக நிற்கிறது. கத்தரிக்கோல், மைக்கூடு, இருவருக்கும் மனசார நன்றி.

ஒரு துண்டில் மட்டும் டேப் ஒட்டாமல் மூலை தூக்குகிறது. ஏன்?

கத்தரிக்கோல்:
பின்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், வெட்டும்போது உதிர்ந்த உப்புத்தூள் ஒட்டியிருக்கும். உலர்ந்த பிரஷால் நன்றாகத் தட்டிவிட்டுப் புது டேப் போடுங்கள்.

தாளம்பூ:
ஆமாம், நறநறவென்று இருந்தது. தட்டிவிட்டேன், பிடித்துக்கொண்டது.