புதுப்பிப்பு: ஊட்டி குளிர்ல ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் வண்டி, இப்ப ஓகே

உறைபனி விழுற காலைல வண்டி எவ்ளோ செல்ஃப் அடிச்சாலும் வெள்ளைப் புகையா தள்ளுதே தவிர எடுக்கவே மாட்டேங்குது, வெயில் ஏறுனா மட்டும் டக்குனு எடுக்குதுன்னு கேட்டிருந்தேன்ல. நிறைய பேர் பேட்டரிய மாத்த சொன்னீங்க. பேட்டரி நல்லாதான் இருக்கு, செல்ஃப் அடிக்கும்போதே 10 வோல்ட்டுக்கு கீழ இறங்கல.

பிரச்சனை குளோ பிளக், அதாவது ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சிலிண்டருக்குள்ள சூடேத்துற சின்ன ஹீட்டர். நாலுல ரெண்டு செத்துப்போச்சு. மல்டிமீட்டர் வச்சு மின்தடை பாக்கும்போது நாலையும் இணைக்கிற பட்டைய கழட்டிட்டு ஒவ்வொண்ணா பாருங்க, இல்லன்னா நல்ல பிளக்கோட ரீடிங்தான் எல்லாத்துலயும் காட்டும், செத்தது தெரியாமலே போயிரும். நல்லது 1 ஓம் இல்ல அதுக்கும் கம்மியா காட்டும், செத்தது ஒண்ணுமே காட்டாது. டீசல்ல ஸ்பார்க் கிடையாது, அழுத்தத்துல வர்ற சூடுதான் பத்த வைக்குது, ஜில்லுனு இருக்குற இன்ஜின் அந்த சூட்டையே குடிச்சிருது, அதான் வெள்ளைப் புகை, எரியாத டீசல் அது.

கழட்டும்போது மட்டும் அவசரமே வேணாம். மெக்கானிக் அண்ணன் முந்தின நாளே துருவ இளக்குற எண்ணெய் விட்டு, இன்ஜின சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமா திருப்பி எடுத்தாரு. ஒண்ணோட நுனி கரி பிடிச்சு உப்பிப் போயிருந்துச்சு, உள்ள உடைஞ்சிருந்தா இன்ஜினோட மேல்பாகம், அந்த ஹெட்டையே எறக்கணும்.

அப்புறம் ஈத்தர் ஸ்ப்ரே (இன்ஜின் காத்து இழுக்குற பக்கம் அடிச்சு டக்குனு பத்த வைக்கிறது) அடிக்கலாமான்னு கேட்ட தம்பிக்கு, குளோ பிளக் இருக்குற வண்டில அடிக்கவே அடிக்காதீங்க, பிளக் சூடா இருந்தா அங்கயே வெடிச்சு பிஸ்டன் போயிரும்.