மில்லார்டின் டேப்பைக் குழுவே வெளியிட்டுவிட்டது, இன்னமும் அது திருட்டா?

நாடாப்பெட்டி:
போன வாரம் ஒருவர் "பூட்லெக் சேர்க்கிறவன் எல்லாம் கலைஞன் பாக்கெட்டில் கை விடுகிறவன்" என்று எழுதியிருந்தார், அன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை, இப்போது சொல்கிறேன். (பூட்லெக் என்றால் அனுமதியில்லாமல் பதிந்த கச்சேரி.) பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் 50ஆம் ஆண்டுப் பதிப்பு 2025 டிசம்பரில் வந்தது. அதில் 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் நடந்த கச்சேரி இருக்கிறது. பதிந்தது கம்பெனி ஆள் இல்லை, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்த மைக் மில்லார்ட். ஸ்டீவன் வில்சன் அதைச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார், மில்லார்டின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். நன்றாக நடக்கக்கூடிய மனிதர், ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அதற்குள் நகமிச்சி 550 ரெக்கார்டரை ஒளித்து வைத்து அரங்குக்குள் போனவர். 1994இல் இறந்துவிட்டார். ஐம்பது வருஷம் 'திருட்டு டேப்' என்று பேர் வாங்கியதைக் குழுவே எடுத்து வெளியிட்டிருக்கிறது என்றால், அவர் செய்தது கலைக்கு நல்லதா கெட்டதா? நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிக்ஸர்மேசை:
அண்ணா, அப்படி எழுதியது நான்தான். கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், ஆனால் கருத்து மாறவில்லை. நான் மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி பார்க்கிற ஆள், இருபத்திரண்டு வருஷமாக. 2025இல் ஃப்ளாய்ட் சம்மதம் கொடுத்தது, 1975இல் கொடுக்கவில்லை. பின்னால் கிடைத்த சம்மதம் முன்னால் செய்ததைச் சரியாக்கிவிடாது.

அதே குழுவின் கதையையே எடுங்கள். 1974 இங்கிலாந்துச் சுற்றில் மூன்று புதுப் பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள், ஒன்றுகூட இன்னும் ரெக்கார்டில் வரவில்லை. யாரோ அதைப் பதிந்து 'பிரிட்டிஷ் விண்டர் டூர் 74' என்று ஒழுங்காக அட்டை போட்டு விற்றார்கள், பலர் அதுதான் குழுவின் புது ஆல்பம் என்று நம்பி வாங்கினார்கள். ஒரு பாட்டு 1975 ஆல்பத்துக்குப் போனது, மற்ற இரண்டும் பெயரும் வரிகளும் மாறி 1977இல் 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் வந்தன. பாதி வெந்த சோற்றை அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கடையில் விற்கிற மாதிரி இல்லையா இது? கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃப்ரிப் கச்சேரியில் டேப், கேமரா எதையும் சகிக்காதவர். லெட் செப்பலின் குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் 2007இல் கிளாஸ்கோ நீதிமன்றத்தில் பூட்லெக் வியாபாரி ஒருவர் மேலான வழக்கில் நேரில் வந்து சாட்சி சொன்னார். கலைஞனே கூண்டில் ஏறி வேண்டாம் என்கிறான், நாம் யார் அதைத் தள்ளிவிட?

நாடாப்பெட்டி:
பேஜ் சாட்சி சொன்னது விற்றவருக்கு எதிராக. அந்த ஒரு சொல்லில்தான் நம் இரண்டு பேருக்கும் வித்தியாசம். விற்கிறவனை நானும் ஆதரிக்கவில்லை. மில்லார்ட் பதிந்தார், நண்பர்களுக்குப் பிரதி கொடுத்தார், அவ்வளவுதான், அதை வாங்கி டிஸ்க்காக அடித்து விற்றது வேறு ஆட்கள். அவருடைய மாஸ்டர் (முதலில் பதிந்த மூல) கேசட்டுகள் அழிந்துவிட்டன என்றே ரொம்ப நாள் எல்லோரும் நினைத்திருந்தோம், சில வருஷங்களாக அவர் நண்பர்கள் ஒவ்வொன்றாக டிஜிட்டலாக்கி ஒரு பைசா வாங்காமல் போடுகிறார்கள்.

அதிகாரபூர்வப் பதிப்பு மட்டும் போதும் என்கிறீர்களே, அதில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். செப்பலினின் 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்' 2003இல் வந்தது, அருமையான பதிவு, மறுக்கவில்லை. ஆனால் அது 1972 ஜூன் 25 லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரமும் ஜூன் 27 லாங் பீச்சும் வெட்டி ஒட்டப்பட்டது. அப்படி ஒரு ராத்திரி நடக்கவே இல்லை! ஜூன் 25 என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் கூட்டத்திலிருந்து ஒருவர் பதிந்த டேப்புக்குத்தான் போக வேண்டும். 1977 சுற்றுக்கு அப்படி வெட்டி ஒட்டிய ஆல்பம்கூட இல்லை, ஃபோரத்தில் மட்டும் ஆறு ராத்திரி வாசித்தார்கள், அந்த வருஷத்திலிருந்து குழு ஒரு முழு லைவ் ஆல்பம்கூடப் போடவில்லை. ஜூன் 21 மில்லார்ட் டேப்பை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள், டிரம்மர் பான்ஹமின் கிக் டிரம் அடிக்கும்போது சத்தம் முதலில் வருகிறது, அந்தப் பெரிய அரங்கின் பின்சுவரில் பட்டு ஒரு கணம் கழித்துத் திரும்பி வருகிறது. எந்த அதிகாரபூர்வப் பெட்டியிலும் அது கிடையாது.

வடக்குவாயில்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு பற்றி யாருமே பேசவில்லையே. அவர்கள் 1984இலேயே டேப் பண்ணுகிறவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கி டிக்கெட் விற்றார்கள், விற்காமல் மாற்றிக்கொள்ளுங்கள் என்பது மட்டும்தான் நிபந்தனை. 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழக பார்டன் ஹால் கச்சேரியை எடுங்கள், அவர்களுடைய ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் பதிந்தது. அவர் வாடகைக் கிடங்கில் வைத்திருந்த ரீல்கள் வாடகை கட்டாததால் 1986இல் ஏலத்துக்குப் போயின. அந்த ராத்திரி கை மாறி கை மாறித்தான் ஊர் முழுக்கப் பரவியது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. குழு அதை ஆல்பமாக வெளியிட்டது 2017இல்! நாட்டின் சொத்து என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்டு ஐந்து வருஷம் ஆன பிறகுதான் கடைக்கு வந்தது. ரசிகர்கள் காப்பாற்றாவிட்டால் யாருக்கு அது தெரிந்திருக்கும்?

மிக்ஸர்மேசை:
டெட் அனுமதி கொடுத்தார்கள், அதனால் அது நல்ல உதாரணம், எனக்குச் சாதகமான உதாரணம். கேட்டார்கள், கொடுத்தார்கள். அவர்கள்கூட 2005இல் இணையக் களஞ்சியத்திலிருந்து சவுண்ட்போர்டு (ஒலி மேசையிலிருந்து நேராக எடுத்த) பதிவுகளை இறக்கிக்கொள்ள முடியாதபடி ஆக்கினார்கள், கேட்க மட்டும்தான் விட்டார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் எதைக் கொடுப்பது எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தது குழுதான், அதுதான் முறை.

அண்ணா சொன்ன பின்சுவர் எதிரொலி விஷயத்தில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், தொழில் தெரிந்தவன் இதை மறைக்கக் கூடாது. மேசையிலிருந்து நேராக எடுக்கும் டேப்பில் அரங்கம் இருக்காது. கிதார் ஆம்ப் மேடையிலேயே சத்தமாக இருப்பதால் மேசையில் அதைக் குறைத்துத்தான் வைப்போம், குரலை ஏற்றி வைப்போம், ஆக அந்த டேப்பில் பாடகர் காதுக்குள் கத்துவார், கிதார் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல இருக்கும். சவுண்ட்போர்டு என்று லேபிள் பார்த்ததுமே உசத்தி என்று நினைக்கிற ஆட்களுக்கு இதை நானே பல முறை சொல்லியிருக்கிறேன். கூட்டத்துக்குக் கேட்டது என்ன என்பதற்குக் கூட்டத்தில் இருந்த மைக்தான் சாட்சி. சரி. ஆனால் ஒரு கலைஞனுக்குத் தன் மோசமான ராத்திரியை மறைத்து வைக்க உரிமை உண்டு, அதை நீங்கள் இருவரும் தொடவே இல்லை.

மேற்குஷிஞ்சுகு:
டோக்கியோவிலிருந்து எழுதுகிறேன், பதினொரு வருஷமாக இங்கே வேலை. எனக்கு இரண்டு பக்கமும் கோபம் இருக்கிறது. நிஷி ஷிஞ்சுகுவில் பூட்லெக் கடைகள் மாடிப்படி ஏறினால் ஏறினால் வரும், அதில் ஒன்றில் பெரிய தொகை கொடுத்து 1977 கச்சேரி ஒன்று வாங்கினேன். தடித்த அட்டை, வெள்ளி டிஸ்க், 'இதுவரை வராத மாஸ்டர்' என்று ஸ்டிக்கர். கேட்கும்போதே சிம்பலில் ஒரு தண்ணீர்ச் சத்தம், சந்தேகம் வந்து கணினியில் போட்டு அலைவரிசைப் படம் பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து வெட்டியது போல நேர்கோடு, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. யாரோ இலவசமாகப் போட்ட எம்பி3 கோப்பை இறக்கி, டிஸ்க்கில் அடித்து, விலை வைத்துவிட்டார்கள். பதிந்தவனுக்கும் காசு போகவில்லை, வாசித்தவனுக்கும் போகவில்லை.

மிக்ஸர்மேசை சொல்கிற மோசமான ராத்திரி பற்றி. 1977 ஜூலை 6, மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம், ஃப்ளாய்ட். கூட்டத்தில் பட்டாசு வெடிக்கிறார்கள், மெதுவான பாட்டு நடுவில் ராஜர் வாட்டர்ஸ் நிறுத்திவிட்டுத் திட்டுகிறார். அன்றைக்குத்தான் முன்வரிசை ரசிகர் ஒருவர் மேல் துப்பினார், அந்த வெறுப்பிலிருந்துதான் 'தி வால்' ஆல்பம் பிறந்தது என்று அவரே பிற்பாடு பலமுறை சொன்னார். அந்த ராத்திரியின் டேப் கூட்டத்திலிருந்த ஒருவரால்தான் இருக்கிறது. வெடிச் சத்தம் ஒவ்வொன்றும் டேப்பில் விழுகிறது, ஒவ்வொன்றுக்கும் அவர் குரல் இறுகுகிறது. மறைத்து வைக்கும் உரிமையைக் கொடுத்திருந்தால் ஒரு பெரிய படைப்பின் முதல் நாளே நம்மிடம் இல்லாமல் போயிருக்கும்.

மிக்ஸர்மேசை:
மாண்ட்ரியல் டேப்பை நான் கேட்டதில்லை. கேட்கிறேன். ஆனால் ஒரு ராத்திரி முக்கியமாக அமைந்தது என்பதால் எல்லா ராத்திரியையும் எடுக்க உரிமை வந்துவிடுமா என்பதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை, இதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஃப்ரிப்பையே பாருங்கள், அவர் 1998இல் சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் மாதிரி தொடங்கித் தானே பழைய கச்சேரிகளைக் கொடுக்க ஆரம்பித்தார். வழி இருக்கிறது என்று காட்டினார்.

நாடாப்பெட்டி:
அந்த வெளியீடுகள் சிலவற்றுக்கு மூலமே ரசிகர்கள் பதிந்த டேப்தானே தம்பி! அவர்களிடம் மாஸ்டர் இல்லை. 1972இல் கிங் கிரிம்சன் 'எர்த்பவுண்ட்' போட்டார்கள், சாதாரண கேசட்டில் பதிந்தது, ஒலி மோசம் என்று அமெரிக்கக் கம்பெனி வெளியிடவே மறுத்தது. குழுவுக்கே அன்று கையில் இருந்தது அவ்வளவுதான். எழுபதுகளில் எல்லா ராத்திரியும் பதிந்து வைக்க யாருக்கும் பணமும் கிடையாது, டேப்பும் கிடையாது. வெள்ளப் பெருக்கில் வீட்டுப் பத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் எடுத்து வைத்திருந்தால் அவனைத் திருடன் என்பீர்களா? திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழையகேசட்:
உங்கள் எல்லோரையும் விட வயதானவன் என்று நினைக்கிறேன். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 1991இல் நியூ ஜெர்சியில் ஒரு பேனா நண்பர், வெறும் கேசட்டும் திரும்பி வரத் தபால் செலவும் அனுப்பினால் பதிந்து அனுப்புவார், காசு வாங்க மாட்டார். அப்படி வந்த டீப் பர்ப்பிள் கேசட் ஒன்று இருக்கிறது, லேபிளில் 'பர்ப்பிள் 74 யுஎஸ்ஏ' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது, ஊர் பெயர் இல்லை. ஐந்தாவது ஆறாவது பிரதியாக இருக்கும், இரைச்சல் அதிகம். நேற்று எடுத்துப் பார்த்தேன். உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கிற அந்தச் சின்னக் கம்பளித் துண்டு பசை விட்டுப் போய்க் கேசட்டுக்குள்ளேயே உருண்டு கொண்டிருக்கிறது. நான்கைந்து வருஷம் முன்னால் ஓட்டியபோது வேகமும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது போல் பட்டது, பாடகர் காவர்டேல் குரல் பையன் குரல் மாதிரி. அது எந்த ஊர்க் கச்சேரி என்று தெரிந்துகொள்ள ஆசை. திருட்டா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் இது கெட்டுப் போனால் அந்த ராத்திரி என்னிடத்தில் முடிந்துவிடும்.

மிக்ஸர்மேசை:
ஐயா, அதை ஓட்டாதீர்கள். எந்த மெஷினிலும் போடாதீர்கள், நாடா மடங்கிவிடும். ஸ்க்ரூ போட்ட கேசட்டா, ஒட்டிய கேசட்டா? ஸ்க்ரூ என்றால் வேறு நல்ல கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம், ஒட்டியது என்றாலும் வழி இருக்கிறது. என்னிடம் மூன்று ஹெட் உள்ள கேசட் டெக் இருக்கிறது (ஹெட் என்பது நாடாவைப் படிக்கிற பகுதி). ஹெட்டின் ஓரத்து ஸ்க்ரூவை உங்கள் நாடாவுக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் மூடியிருக்கிற மேல் சத்தம் திறக்கும், பழைய பிரதிகளில் பாதி மந்தம் இதனால்தான். வேகத்துக்குக் கவலைப்படாதீர்கள், டீப் பர்ப்பிளின் ஜான் லார்ட் வாசிக்கிற ஹேமண்ட் ஆர்கன் மின்சாரத்தின் வேகத்தில் சுற்றுகிறது, அதன் சுருதி அசையாது. அதை வைத்து நாடாவின் வேகத்தைச் சரியாகப் பிடித்துவிடலாம்.

நான் எழுதியது எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதை இணையத்தில் போடலாமா என்பது பிறகு பேச வேண்டிய விஷயம், ஆனால் நாடா அழியக் கூடாது.

பழையகேசட்:
நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து ஸ்க்ரூ. பேத்தி பார்த்துச் சொன்னாள். கூரியரில் அனுப்பலாமா, கையில் கொண்டு வரட்டுமா?

மிக்ஸர்மேசை:
கையில் கொண்டு வாருங்கள் ஐயா. காந்தம், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல் ஒரு துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். நாடாப்பெட்டி அண்ணாவும் வந்தால் நல்லது, மேடைப் பேச்சை வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடிக்க அவர் காதுதான் சரி.

நாடாப்பெட்டி:
வருகிறேன். 1974இல் அவர்கள் எந்தெந்த ஊரில் வாசித்தார்கள் என்ற பட்டியலையும் கொண்டு வருகிறேன்.