மோதுகைப் பரிசோதனைகளில் தேடப்படுவது "பார நியூத்திரினோ"

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு,

நியூத்திரினோ (தமிழக வழக்கில் நியூட்ரினோ) என்பது ஏற்றமற்ற, மிக இலேசான அடிப்படைத் துணிக்கை. துணிக்கைகளை மோதவிடும் பரிசோதனைகளில், அதன் பாரமான உறவாகத் தேடப்படும், இன்னும் கண்டறியப்படாத துணிக்கையை ஆங்கிலத்தில் "heavy neutrino" என்பர். அதன் தமிழ்ப் பெயராக "நிறைமிகு நியூட்ரினோ", "மலட்டு நியூட்ரினோ" என்னும் இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் நான், இரண்டுக்கும் மாற்றாகப் "பார நியூத்திரினோ" என்பதை முன்மொழிகிறேன்.

இலங்கைப் பாடநூல்களில் கிலோகிராமில் அளக்கப்படுவது திணிவு; அத்திணிவின்மீது புவியீர்ப்பு செலுத்தும் விசையே நிறை. தமிழகத்திலோ முன்னது நிறை, பின்னது எடை. ஆகவே "நிறைமிகு" என்பதைச் சென்னை மாணவர் சரியாக விளங்கிக்கொள்ள, கொழும்பு வெள்ளவத்தை மாணவர் பிழையாக விளங்கிக்கொள்வார். "கன நியூத்திரினோ" என்று வைக்கலாமே என்றால், "கன" என்றதும் எங்களுக்குக் கனவளவும் கனமூலமுமே நினைவுக்கு வரும். பாரமும் எடையைத்தானே குறிக்கும் என்று கேட்கலாம். ஆனால் அது எந்தக் கணியத்துக்கும் வரையறுத்த பெயராக இல்லை. "பார நீர்" என்கையில் திணிவு கூடிய ஐதரசன் சமதானியை நாம் குழப்பமின்றி உணர்கிறோம் அல்லவா?

"மலட்டு" (ஆங்கிலத்தில் sterile) என்பதில் எனக்குள்ள மறுப்பு இன்னும் ஆழமானது. பிள்ளையில்லாத பெண்களைக் காயப்படுத்திய சொல் அது என்பது ஒருபுறம் இருக்க, பொருளும் இங்கே பொருந்தவில்லை. பௌதிகவியலாளர் புரூனோ பொண்டிகோர்வோ அப்பெயரைச் சூட்டியது, அணுக்கருத் தேய்வுகளுக்குக் காரணமான மென்விசையில் நேரடியாகப் பங்கேற்காத நியூத்திரினோவுக்கே. அது இலேசானதாகவும் இருக்கலாம். மோதுகையில் தேடப்படுவதோ, சாதாரண நியூத்திரினோவுடன் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் பாரமான துணிக்கை. அந்தச் சிறு கலப்பினால்தான், ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தின் 27 கிலோமீற்றர் வளையத்தில் புரோத்தன்கள் மோதித் தோன்றும் டபிள்யூ போசன் (மென்விசையைக் காவும் துணிக்கை) தேயும்போது, அதாவது வேறு துணிக்கைகளாக மாறும்போது, பார நியூத்திரினோ ஓர் ஏற்றமுள்ள லெப்தனுடன் (இலத்திரன் போன்ற துணிக்கையுடன்) பிறக்கக்கூடும். பின்னர் தானும் தேய்ந்து வேறு துணிக்கைகளைத் தரும். அது மயோரானா வகையினதாயின் (தானே தன் எதிர்த்துணிக்கையாகவும் இருப்பதாயின்), ஒரே குறியுள்ள ஏற்றம் கொண்ட இரு லெப்தன்களும் சில வேளைகளில் வெளிப்படும். தேய்ந்து பிற துணிக்கைகளை ஈனும் ஒன்றை மலடு என்று எப்படி அழைப்பது? பொண்டிகோர்வோவின் கருத்துக்கு வேண்டுமானால் "ஒட்டா நியூத்திரினோ" எனத் தனிச்சொல் வைப்போம். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

"பார" என்பதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. பார நியூத்திரினோவின் திணிவு கூடக்கூடச் சாதாரண நியூத்திரினோவின் திணிவு குறையும் என்று கூறும் கொள்கைக்கு, சிறுவர்கள் இரு முனைகளிலும் அமர்ந்து ஏறி இறங்கும் பலகையின் பெயரை (ஆங்கிலத்தில் seesaw) இட்டிருக்கிறார்கள். பாரம், இலேசு என்ற நம் வழக்குச் சொற்கள் அந்தப் பலகையில் இயல்பாகவே அமர்ந்துகொள்கின்றன.

கலப்பு சிறிதாக இருந்தால் இத்துணிக்கை நெடுநேரம் வாழ்ந்து, மோதிய இடத்திலிருந்து மில்லிமீற்றர் முதல் மீற்றர் வரை பறந்த பின்னரே தேயும். சேர்னின் அற்லஸ், சி.எம்.எஸ். ஆய்வுக் குழுக்கள் தேடும், அது தேயும் அந்த இடத்தை (ஆங்கிலத்தில் displaced vertex) "இடம்பெயர்ந்த உச்சி" என்று மொழிபெயர்த்திருப்பதையும் மீளாய்வு செய்யுமாறு வேண்டுகிறேன். இடப்பெயர்ச்சி பௌதிகச் சொல்தான். எனினும் "இடம்பெயர்ந்த" என்றதும் எங்கள் காதில் விழுவது போரில் வீடிழந்தோரின் முகாம்கள். "விலகிய தேய்வுப்புள்ளி" என்பது சொல்ல வேண்டியதைச் சொல்கிறது. தேய்வுக்குப் பதிலாகத் தமிழக வழக்கில் சிதைவு என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை.