குப்பைக்கிடங்கு பக்கத்துல வாடகை வீடு, பிள்ளைக்கு இழுப்பு உண்டு, எடுக்கலாமா?

கோட்டாறுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில்ல வீடு தேடி கால் தேஞ்சு போச்சு, டவுனுக்குள்ள ரெண்டு ரூம் வீடுன்னா பத்தாயிரத்துக்கு கொறச்சு சொல்ல மாட்டேங்கான். இப்ப ஒண்ணு அஞ்சரை ஆயிரத்துக்கு வந்திருக்கு, தண்ணி உண்டு, பஸ் உண்டு, வீட்டுக்காரரும் நல்ல மனுஷன், ஒரே சங்கதி குப்பைக்கிடங்கு அரை கிலோமீட்டர்ல கெடக்கு. எனக்க பிள்ளைக்கு நாலு வயசு, சளி புடிச்சா இழுப்பு வந்து நெபுலைசர் வைக்கணும். போன வாரம் சாயங்காலம் போய் நின்னு பாத்தேன், நாத்தம் ஒண்ணும் இல்ல, கடல் காத்து நல்லா அடிக்கு, போன்ல காத்து மாசு காட்டுத ஆப் போட்டா பச்சை கலர்ல ‘நல்லது’ன்னு காட்டுது. டெல்லியா இது, நம்ம ஊருல என்ன பொல்யூஷன்னு வீட்டுல கேக்காவ. அங்கன இருக்கவங்க சொல்லுங்க.

மீன்சட்டி:
அந்த தெருவுல கொடியில காயப்போட்ட துணி ஒண்ண மோந்து பாரும் ஓய். பொறவு அட்வான்ஸ் குடும்.

விளையில வீடு:
தம்பி, நான் அந்த பக்கம் 11 வருஷமா இருக்கேன். சாயங்காலம் போனா ஒண்ணும் தெரியாது, விடியக்காலம் நாலு மணிக்கு போங்க. பகல்ல கடல் காத்து குப்பை எரியுத புகைய தள்ளிட்டு போயிரும், ராத்திரி காத்து கரையில இருந்து திரும்பும், அதுவும் பையத்தான் அடிக்கும், புகை மேல போகாம பனி மாதிரி தரையோட படுத்துக்கும். தீ புடிச்ச அன்னைக்கு கதவு இடுக்குல நனச்ச துண்ட சொருவித்தான் படுப்போம், காலையில பாத்தா துண்டுல கறுப்பா ஒரு கோடு இருக்கும். தீயணைப்பு வண்டி வந்து மேல தண்ணி அடிச்சிட்டு போவும், அடியில கெடந்து பொகஞ்சு மூணாம் நாளு திரும்பவும் கெளம்பும். நான் அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரிக்கொட்டை கம்பெனியில, வேலை பாக்கேன், பகல்ல அண்டி வறுக்க புகை, ராத்திரி இந்த புகை.

நாஞ்சில் டவுன்:
ஓவரா பயமுறுத்தாதீங்க மக்களே. நாங்கெல்லாம் ஓலை அடுப்பு புகையில வளந்தவங்கதான, என்ன செத்தா போயிட்டோம்.

பழைய லேப் டெக்னீஷியன்:
அண்ணாச்சி, அடுப்பு புகையும் நல்லதில்ல, ஆனா ஓலைக்கும் இதுக்கும் வித்தியாசம் உண்டு. இங்க எரியது பிவிசி, தெர்மோகோல், ரப்பர். பிவிசி பிளாஸ்டிக் எரிஞ்சா டையாக்சின்னு ஒரு விஷம் வரும், அது லேசுல அழியாது. ஈரக்குப்பைய காத்து போகாம குமிச்சு வச்சா உள்ள தீப்பிடிக்க மீத்தேன் கேஸ் உண்டாகும், அதனாலதான் அடியில இருந்து அணையாம பொகையது. 2023 மார்ச்ல கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு பன்னெண்டு நாளைக்கிட்ட எரிஞ்சது இப்படித்தான், பசுமை தீர்ப்பாயம் அந்த மாநகராட்சிக்கு 100 கோடி அபராதம் போட்டாச்சு. திறந்தவெளியில குப்பை கொளுத்துனா 5,000, மொத்தமா கொளுத்துனா 25,000 ரூபா அபராதம்னு 2016லயே உத்தரவு உண்டு, யாரு கட்டுகா!

தம்பி அந்த ஆப்ப நம்பாதீங்க. பக்கத்துல காத்த அளக்க மீட்டர் இல்லன்னா அது சாட்டிலைட்டும் கணக்கும் வச்சு ஊருக்கு பொதுவா போடுத நம்பர், உங்க தெருவுக்கு உள்ளது இல்ல. பிஎம் 2.5னா நுரையீரல் வரைக்கும் போற பொடித்தூசி, ஒரு நாளைக்கு நம்ம நாட்டு வரம்பு ஒரு கன மீட்டர் காத்துல 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்லியது 15. அதனால நம்ம ஆப்ல ‘நல்லது’ன்னு காட்டுதது எல்லாம் அங்க நல்லது ஆவாது. மத்திய அரசுக்க சுத்தமான காத்து திட்டத்துல நம்ம மாநிலத்துல சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடிதான் இருக்கு, நாகர்கோவில் கெடையாது.

லண்டன்ல எலா கிஸ்ஸி-டெப்ரான்னு 9 வயசு பிள்ள, மெயின்ரோட்டு பக்கத்துல குடியிருந்தா, 2013ல ஆஸ்துமால போயிட்டா. 2020லதான் அவ சாவுக்கு காத்து மாசும் காரணம்னு விசாரணையில தீர்ப்பு வந்துச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா வீடு மாறியிருப்பேன்னு அவ அம்மா சொன்னாங்க.

விளையில வீடு:
எங்களுக்கு தெரியும் சார், தெரிஞ்சும் மாற முடியல்ல. ரெண்டு சென்ட் வாங்க இங்கதான் காசு எட்டிச்சு, இப்ப விக்கலாம்னா வாங்க ஆளில்ல. டவுன்ல உள்ளவங்க பிள்ளைக்க டயபரும் பிரியாணி பொட்டலமும்தான் எங்க வீட்டு வாசல்ல எரியது, நாங்க மனு குடுத்தா மட்டும் “அங்க ஏன் வீடு கட்டுனீங்க”ன்னு கேக்காங்க.

நாஞ்சில் டவுன்:
சரிக்கா, அது ஞாயம்தான். எங்க அபார்ட்மெண்ட்ல எல்லாத்தையும் ஒரே கவர்லதான் போடுகோம், அத நான் சொல்லல்ல.

கோட்டாறுக்காரன்:
அக்கா சொன்னபடி நேத்து நாலரைக்கு பைக்க எடுத்துட்டு போனேன். லைட்டு கம்பத்து வெளிச்சத்துல புகை தனியா தெரிஞ்சுது, பத்து நிமிஷத்துல தொண்டை கரகரத்துச்சு. அங்கன ஒரு வீட்டு திண்ணையில வயசான ஒரு அம்மா மூக்க முந்தானையால பொத்திட்டு பால் பாத்திரத்த கழுவிட்டு இருந்தாவ. அஞ்சரை வீடு வேண்டாம்னு சொல்லியாச்சு. வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம் பக்கம் ஏழாயிரத்துக்குள்ள எதாவது இருந்தா சொல்லுங்க, மாடி ஆனாலும் கொள்ளாம்.