அம்மாவின் வெள்ளை அணுவை அடக்க மாத்திரை: நிறுத்திவிடலாமா?

மாட்டுங்கா மணி:
அம்மாவுக்கு 61 வயது. ஆறு மாதமாக விரல் கணு எல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் பத்து மணி வரை கை மடங்குவதில்லை. காபி டபராவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குகிறார். முடக்குவாதமாம். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, கூடவே கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு. பத்து நாள் கழித்து ரத்தம் எடுத்தால் வெள்ளை அணு 13,200. அதற்கு முன்னால் 8,400தான். மருந்து கேட்கவில்லை என்றுதானே அர்த்தம்? போதாததற்கு அந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமாம். மும்பை தாதர் ஸ்டேஷனில் இறங்கி ஏறும் கூட்டத்தில் பாதிப் பேர் இருமுகிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு கிருமியோடு சண்டை போடுகிறவனையா அடக்குவது? கேட்டால் "சொன்னதைச் சாப்பிடுங்க" என்கிறார் டாக்டர். நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

சயான் லேப்காரன்:
மணி சார், நீங்களாக நிறுத்தாதீர்கள். 13,200க்கு ஸ்டீராய்டே காரணமாக இருக்கலாம். வெள்ளை அணுவில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை, அவற்றில் ஏறக்குறைய பாதி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், நாங்கள் எடுக்கிற ரத்தத்தில் வராது. ஸ்டீராய்டு போனதும் பிடியை விட்டு ஓட்டத்தில் கலந்துவிடும். பிளாட்ஃபார பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றால் கூட்டம் சேர்ந்துவிட்டது போலத் தெரியுமே, அப்படி. காய்ச்சல், இருமல், சிறுநீர் எரிச்சல் ஏதாவது இருந்தால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், முடக்குவாதத்தில் ரத்த எண்ணிக்கை பல பேருக்குச் சமர்த்தாக 7,000 காட்டும். கலாட்டா மூட்டுக்குள். நல்ல முழங்காலின் நீரில் மைக்ரோலிட்டருக்கு 200 வெள்ளை அணுகூட இருக்காது. ஊசியிலிருந்து ஒரு சொட்டு விட்டால் முட்டை வெள்ளைக்கரு போல நூல் இழுக்கும். முடக்குவாத மூட்டின் நீர் மஞ்சளாகக் கலங்கி, தண்ணீராக ஒழுகும்; எண்ணினால் 10,000, 20,000 சர்வசாதாரணம். கிருமியை அழிக்க வைத்திருக்கிற என்சைமை எல்லாம் குருத்தெலும்பின் மேல் கொட்டிக்கொண்டிருக்கும். அங்கே கிருமியே கிடையாது, சார்.

மாட்டுங்கா மணி:
கிருமி இல்லாத இடத்துக்கு அது ஏன் போகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் அடக்கு, அடக்கு என்றால் எப்படி? மாமா ஒரு ரத்தசுத்திக் கஷாயம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது மூலத்தையே பிடிக்குமாம்.

செம்பூர் அத்தை:
தம்பி, அந்த மாதிரிக் கஷாயத்தை ஒன்றரை வருஷம் குடித்தவள் நான். அதற்குள் மோதிர விரல் கோணிக்கொண்டது, இன்றுவரை நிமிரவில்லை. ஒன்பது வருஷமாக இதே மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும். காலண்டரில் சிவப்புத் தேதி, அதனால் மறக்காது. தினமும் போட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜையே படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. அட்டையில் அம்மாவுக்குப் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

தாராவி 90 அடி:
எல்லாரும் ரொம்பச் சுலபமாகப் பேசுகிறீர்கள். எனக்கு முதுகெலும்பு இறுகுகிற வியாதி. டி.என்.எஃப். என்று அழற்சியைத் தூண்டுகிற ஒரு புரதம், அதை அடைக்கிற ஊசி போட்டார்கள். மூன்றாவது மாதம் சாயங்காலக் காய்ச்சல், எட்டு கிலோ இறங்கினேன், பார்த்தால் டி.பி. வந்திருந்தது. அந்த ஊசிக்கு முன்னால் யாரும் டி.பி. சோதனை எழுதவில்லை. மேக்ரோஃபேஜ் என்கிற, கிருமியை விழுங்கும் அணுக்கள் அந்த டி.பி. கிருமியைச் சுற்றி உருண்டையாகக் கட்டி வைத்திருக்குமாம். அந்தக் கட்டு நிற்பதற்கு டி.என்.எஃப். வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டு "பயப்படாதீங்க" என்றால்? இந்த வகை ஊசியான இன்ஃப்ளிக்சிமாப் போட்ட 70 பேருக்கு டி.பி. வந்ததை 2001லேயே எழுதிவிட்டார்கள். உலக டி.பி. நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் நம் நாட்டில்தான். மணி பயப்படுவதில் தப்பே இல்லை.

சயான் லேப்காரன்:
உங்களுக்கு நடந்தது அநியாயம். மார்பு எக்ஸ்ரேயும் டி.பி. சோதனையும் பார்க்காமல் அந்த ஊசியைத் தொடவே கூடாது. ஆனால் அம்மாவுக்குக் கொடுத்தது அந்த ஊசி இல்லையே, இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். டி.என்.எஃப்.பைப் பெரும்பாலும் சுரப்பது அதே மேக்ரோஃபேஜ்தான். அதை அடைத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று 1992ல் லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மைனி லூதியானாவில் பிறந்தவர், நம்மூர் மூட்டுகள் அவருக்கும் கொஞ்சம் கடன்பட்டவை! முடக்குவாதத்தைக் கவனிக்காமல் விட்டால் மாரடைப்பு அபாயமும் ஏறும். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கி நுரைத்துக் கிடப்பதும் மேக்ரோஃபேஜ்தான். 2017ல் வந்த கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்த 10,000 பேரிடம் கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தார்கள். நடு அளவு மருந்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்த்து 15 சதவீதம் குறைந்தன.

தாராவி 90 அடி:
அதே ஆய்வில் தொற்றால் செத்தவர்கள் கூடினார்கள், மொத்தச் சாவு குறையவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சயான் லேப்காரன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த மருந்து இதயத்துக்கென்று கடைக்கு வரவும் இல்லை. ஆனால் அம்மாவின் விரல் அதற்காகக் காத்திருக்காது.

மாட்டுங்கா மணி:
அம்மாவின் வார மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தவில்லை. எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன். இன்னும் முழுசாக மனசு ஒப்பவில்லை, அது வேறு. அம்மாவோ கஷாயத்தை விடமாட்டேன் என்கிறார்.

செம்பூர் அத்தை:
இரண்டையும் சேர்த்தா குடிக்கிறார்? பாட்டிலோடு டாக்டரிடம் போங்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை, எஸ்.ஜி.பி.டி., கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மாட்டுங்கா மணி:
அப்படி ஒன்றை யாரும் எழுதித் தரவே இல்லையே, அத்தை.